சாம்பலா, வறட்சியா, சுனாமியா: பிஎச்.டி.க்கு எதை எடுப்பது?

பழங்கால மனிதர்கள் இயற்கைப் பேரிடர்களை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதில் பிஎச்.டி. பண்ண நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது எந்த ஊர், எந்த நாகரிகம் என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பேரிடர் என்பது. எரிமலை, வறட்சி, சுனாமி மூன்றும் மண்ணில் விட்டுப்போகும் தடயம் வேறு, அதற்குக் காலம் கணிக்கும் முறை வேறு, நான்கைந்து வருஷம் நீங்கள் அடைந்து கிடக்கப்போகும் லேப்பும் வேறு. எதை எடுத்தாலும் ஒரே கேள்வியை வைத்து உரசிப் பாருங்கள்: பேரிடர் வந்த காலமும் மனிதர்கள் மாறிய காலமும் எவ்வளவு நெருக்கமாக ஒட்டுகின்றன? முதலாவதைக் கண்டுபிடிக்க இன்று அருமையான கருவிகள் இருக்கின்றன. தீசிஸ் சொதப்புவது இரண்டாவதில்தான்.

எரிமலைச் சாம்பலை முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வெடிப்பிலும் வரும் கண்ணாடித் துகளுக்குத் தனி வேதிச் சேர்க்கை உண்டு, அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இரண்டு இடங்களில் ஒரே சாம்பல் கிடைத்தால் இரண்டு படலமும் ஒரே சமயத்தில் விழுந்தவை என்று சொல்லிவிடலாம். சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அந்தச் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் கிடக்கிறது. அதற்குக் கீழேயும் மேலேயும் கல் கருவிகள், அதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை என்று மைக்கேல் பெட்ராக்லியா குழு 2007-ல் எழுதியபோது, டோபாவால் மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போனது என்ற பழைய வாதம் ஆட்டம் கண்டது. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்டிலும் அதே டோபாவின் துகள்கள், கண்ணுக்கே தெரியாத அளவில், மனிதர்கள் வாழ்ந்த படலங்களுக்குள் கிடைத்தன. அங்கேயும் வாழ்க்கை நின்றுபோகவில்லை.

இதில் அழகு என்னவென்றால், சாம்பலின் துல்லியமான தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எது முன், எது பின் என்ற வரிசை கையில் இருக்கிறது. கிரேக்கத்தின் சாண்டோரினி எரிமலைத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெடிப்புதான் கிரீட் தீவின் மினோவன் நாகரிகத்தை அழித்தது என்று தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸ் 1939-ல் முன்வைத்தார். பிறகு பார்த்தால், சாம்பலுக்கு மேலே உள்ள படலங்களிலும் மினோவன் பானை ஓடுகள். கிரீட்டின் அரண்மனைகள் வெடிப்புக்குப் பிறகும் சில தலைமுறை தாக்குப்பிடித்திருக்கின்றன. இவ்வளவையும் வெறும் வரிசையை வைத்தே தீர்த்துவிட்டார்கள். ஆனால் வெடிப்பு நடந்தது கிமு 17-ஆம் நூற்றாண்டிலா 16-ஆம் நூற்றாண்டிலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சாம்பலில் புதைந்த ஓர் ஒலிவ மரக்கிளையை வைத்து 2006-ல் கிமு 1627-1600 என்றார்கள், 2018-ல் ஆண்டுவாரியான மரவளைய அளவீடுகள் வந்து 16-ஆம் நூற்றாண்டுக்கும் கதவைத் திறந்துவிட்டன. புது மாணவர் இந்தச் சண்டைக்குள் தலையைக் கொடுக்க வேண்டாம், பெரியவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

சாம்பலின் பலவீனமும் ஜ்வாலாபுரத்திலேயே தெரிகிறது. மேலும் கீழும் ஒரே மாதிரிக் கருவி என்றால் அதே மக்கள் பிழைத்தார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் செத்துப்போய், பல தலைமுறை கழித்து அதே கைப்பழக்கம் உள்ள வேறொரு கூட்டம் வந்திருக்கலாம். சாம்பலுக்கும் அடுத்த படலத்துக்கும் நடுவே எத்தனை வருஷம் என்பதைக் கல் கருவி சொல்லாது.

அடுத்தது வறட்சி. எல்லாரும் இங்கேதான் போய் விழுகிறார்கள், காரணமும் புரிகிறது. மரவளையம் ஆண்டுவாரியாகக் கணக்குக் கொடுக்கிறது, குகைக்குள் சொட்டுச் சொட்டாக வளரும் சுண்ணாம்புப் படிவுகளுக்கு யுரேனியம்-தோரியம் முறையில் நல்ல துல்லியத்தோடு காலம் கிடைக்கிறது, போதாக்குறைக்கு வெளியான தரவுகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசம். ஒரு லேப்டாப் போதும். தரவை இறக்கி, மழை குறைந்த வளைகோட்டுக்குப் பக்கத்தில் நகரம் சரிந்த தேதியை வைத்தால் ஒரு படம் தயார். வில்லங்கமே அதில்தான். வறட்சி என்பது பத்து, இருபது, சில சமயம் நூறு வருஷம் இழுக்கிற விஷயம். நகரத்தின் சரிவுக்கு ரேடியோ கார்பன் (கரி, எலும்பு போன்றவற்றின் வயதைக் கணிக்கும் முறை) தருவதோ ஐம்பது வருஷம் முன்னே பின்னே. இரண்டையும் சேர்த்து வைத்தால் எதுவும் எதோடும் பொருந்தும்.

கம்போடியாவின் பழைய கெமர் தலைநகரான அங்கோர் இதற்கு நல்ல பாடம். வியட்நாம் மலைக்காட்டு மரவளையங்களை வைத்து, 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கடும் வறட்சி, இடையிடையே பேய்மழை என்று பிரெண்டன் பக்லி குழு 2010-ல் காட்டியது. சயாமின் அயுத்தயா படை 1431-ல் நகரைப் பிடித்தது என்ற பழைய கதையோடு இது கச்சிதமாகப் பொருந்தியது. மரங்கள் நின்ற இடம் அங்கோரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் டான் பென்னி குழு நகரின் மையமான அங்கோர் தோமின் அகழியிலேயே சேற்றைத் துளையிட்டு எடுத்துப் பார்த்து 2019-ல் எழுதியது: நகர மையத்தில் நிலப் பயன்பாடு 14-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலிருந்தே மெல்லக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. அதாவது படையெடுப்புக்கு வெகு முன்பே ஆட்கள் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். மரம் பொய் சொல்லவில்லை. மனிதர்கள் பக்கத்துச் சாட்சியை ஊருக்குள்ளேயே தேடிய பிறகுதான் கதை மாறியது.

சிந்து வெளி இன்னும் மோசம். மேகாலயாவின் மவ்ம்லூ குகையை வைத்து 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய, அதாவது கிமு 2200 வாக்கிலான, வறட்சியை நிலவியல் காலக்கோட்டின் எல்லையாகவே 2018-ல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குகைக்கும் மொகஞ்சதாரோவுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நகரங்கள் தேய்ந்ததோ கிமு 1900-ஐ ஒட்டி, அதுவும் ஒரே அடியாக இல்லாமல், கிழக்கே சிறு ஊர்கள் பெருகிய ஒரு நீண்ட நகர்வாக. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு தீசிஸ் போதாது.

என் ஓட்டு சுனாமிக்கு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான் இந்தியப் பெருங்கடலில் இந்தத் துறையே சூடுபிடித்தது. தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் குழி வெட்டினால் கருமண்ணுக்கு நடுவே வெள்ளை மணல் அடுக்குகள். மேலே இருப்பது 2004, அதற்கு அடுத்தது சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தையது. இது பேரிடர் பக்கம். மனிதர்கள் பக்கத்துக்கு சுமத்ராவின் வடமுனையான அச்சேவில் பாட்ரிக் டேலி குழு செய்த வேலையைப் பாருங்கள். வடக்குக் கடற்கரையில் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊர் ஊராக நடந்து, பல்லாயிரம் பானை ஓடுகளையும் 5,000-க்கும் மேற்பட்ட செதுக்கிய கல்லறைக் கற்களையும் பதிவு செய்தார்கள். சுமார் 1394-ல் தாழ்வான ஒன்பது குடியிருப்புகள் அழிந்திருக்கின்றன, மேட்டில் இருந்த லாம்ரி மட்டும் தப்பித்து 15-ஆம் நூற்றாண்டு முழுக்க நீடித்திருக்கிறது. அது தஞ்சைக் கல்வெட்டில் ராஜேந்திர சோழன் வென்றதாக வரும் இலாமுரி தேசம் என்றுதான் பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 16-ஆம் நூற்றாண்டுக்குள் தப்பித்த லாம்ரி கைவிடப்பட்டு, அழிந்த தாழ்நிலத்தில்தான் அச்சே சுல்தானியம் எழுந்தது. பேரிடரும் அதற்கு மனிதர்கள் ஆற்றிய எதிர்வினையும் ஒரே கரையில் கிடைக்கின்றன, நடுவே ஐந்நூறு கிலோமீட்டர் இல்லை.

இதிலும் ஓட்டைகள் உண்டு. மணல் அடுக்கைக் கொண்டுவந்தது சுனாமியா புயலா என்று பிரிப்பது பெரும்பாடு, அதுவும் 1964-ல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்த மாதிரிப் புயல்கள் வரும் நம் கரையில். மாமல்லபுரம் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் 2005 முதல் தோண்டி எடுத்த முருகன் கோயிலில் தெரிந்த கடல் படிவுகளைப் பழைய சுனாமிகள் என்று தொல்லியலாளர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஒரே தளத்தை வைத்து இதை நிறுவ முடியாது. அதே அடுக்கு உள்நாட்டில் எவ்வளவு தூரம் போகிறது, கரையோரமாக எத்தனை ஊரில் வருகிறது என்று காட்ட வேண்டும். மணலில் கிடக்கும் கரித்துண்டு வேறெங்கோ பழசாகக் கிடந்து அடித்துவரப்பட்டதாக இருந்தால் காலக் கணிப்பும் உண்மையைவிடப் பழசாகக் காட்டும்.

நடைமுறைக் கணக்கிலும் சுனாமிதான் மாணவருக்குத் தோது. இந்தியாவில் அகழாய்வு உரிமம் மாணவர் பெயரில் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள், நடக்கிற அகழாய்வு ஒன்றில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேற்பரப்பில் ஓடு பொறுக்கிப் பதிவு செய்வதும், கைத்துளைக் கருவியால் மண் எடுப்பதும் அதைவிட லேசான வேலை. மணல் கடலிலிருந்து வந்ததா என்று காட்டும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளை மைக்ரோஸ்கோப்பில் இனம் பிரிக்க ஒரு வருஷம் பழகினால் கை வந்துவிடும். சாம்பலுக்கு, துகளின் வேதிச் சேர்க்கையை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோப் கருவி வேண்டும், அதற்கு உங்கள் கைடுக்கு வெளியூர்த் தொடர்பு வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வறட்சிதான் என்று நிற்பவர்கள் சிந்துவை விட்டுவிட்டு மத்திய அமெரிக்காவின் மாயா நாகரிகம் பக்கம் போங்கள். அங்கே மன்னர்கள் கல்லில் நாள் கணக்கோடு எழுதி வைத்தார்கள், மாயா நாட்காட்டியின் நீள்கணக்கு முறையில் எழுதிய கடைசித் தேதி டோனினா நகரில் கிபி 909. கூடவே, தெற்கின் மாயா நகரங்கள் சரிந்த காலத்தில் அதைவிட வறண்ட வடக்கில் சிச்சேன் இட்சா நகரம் எப்படிச் செழித்தது என்ற கேள்வியையும் சினாப்சிஸிலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.