கேம்பர் வேனுக்கான டீப் சைக்கிள் பேட்டரி: ஒன்பது ஆண்டுகளில் மூன்று செட்

கேம்பர் வேனில் குடும்பத்தோடு பயணம் செய்யத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் வண்டியின் உட்புற மின்தேவைக்காக மூன்று செட் பேட்டரிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதல் செட் ஒன்றேகால் ஆண்டிலேயே போய்விட்டது. இரண்டாவது ஐந்து ஆண்டுகள் உழைத்தது. மூன்றாவது இப்போது மூன்றாம் ஆண்டை நெருங்குகிறது. எத்தனை ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எடுத்த மின்சாரத்தை எதைக் கொண்டு, எவ்வளவு நேரத்தில், முழுதாகத் திருப்பி நிரப்பப் போகிறோம் என்பதை யோசிக்காமல் வாங்கியதுதான் என் முதல் செட் சீக்கிரம் செத்ததற்குக் காரணம்.

அந்த முதல் பேட்டரியின் மேல் ‘ஸ்டார்ட்டிங்’, ‘டீப் சைக்கிள்’ என்று இரண்டு வேலைகளும் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டுக்கும் உதவும் என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ள வேண்டும்; அதற்காக அதில் மெல்லிய பிளேட்டுகள் நிறைய அடுக்கப்பட்டிருக்கும். டீப் சைக்கிள் பேட்டரியோ குறைந்த கரண்டை மணிக்கணக்காகக் கொடுத்து, பாதி வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும்; அதற்குக் கனமான பிளேட்டும் இறுக்கமாக அடைக்கப்பட்ட ஈயப் பசையும் தேவை. இரண்டு வேலைக்கும் என்று செய்யப்படுவது நடுவில் நிற்கும் ஒரு சமரசம். லேபிளில் குளிரில் எஞ்சினைக் கிளப்பும் ஆம்பியர் அளவு பெரிய எழுத்தில் இருந்து, 20 மணி நேரக் கணக்கிலான ஆம்பியர்-அவர் எங்கும் இல்லையென்றால், அந்தப் பேட்டரியை வண்டியின் உட்புற உபயோகத்துக்கு நான் இனி வாங்க மாட்டேன்.

அந்த 20 மணி நேரக் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 100 ஆம்பியர்-அவர் என்றால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுக்கலாம் என்று பொருள். அதே லெட்-ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் வீதம் எடுத்தால் இரண்டு மணி நேரம் தாங்காது. கரண்ட் கூடக் கூடக் கிடைக்கும் கொள்ளளவு குறையும் என்ற இந்த உறவை பியூக்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார்.

இரண்டாவது செட் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் எங்கள் செலவை நோட்டில் எழுதினேன். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும் நேரத்தில் ஏறக்குறைய 4 ஆம்பியர் எடுத்தது. விட்டுவிட்டு ஓடியதைக் கூட்டினால் நாளுக்குப் பத்து மணி நேரம், அதாவது 40 ஆம்பியர்-அவர். எல்இடி விளக்கு, தண்ணீர் பம்ப், போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்து 20. குளிர் நாட்களில் ஹீட்டரின் காற்றாடி தனியாக 20 எடுத்துக்கொண்டது. நான் கணக்கில் கொள்ளாமலே இருந்தது இன்வெர்ட்டர்: எதையும் செருகாமல் ஆன் செய்து வைத்திருந்தாலே 0.9 ஆம்பியர் குடித்தது, ஒரு நாளைக்கு 21 ஆம்பியர்-அவருக்கு மேல். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுகிறோம். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது செட், கோல்ஃப் வண்டிகளில் போடும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். சீரீஸில் இணைத்தால் 12 வோல்ட், சுமார் 220 ஆம்பியர்-அவர். லெட்-ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வந்தது 110. எங்கள் செலவுக்கு ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகத் தாங்கும் அளவு. இந்தச் செட் ஐந்து ஆண்டுகள் உழைத்ததற்கு அதன் தரம் பாதிக் காரணம் என்றால், நிரப்பும் ஏற்பாட்டை நான் மாற்றியது மீதிப் பாதி.

முன்பெல்லாம் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் பேட்டரி நிறைந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரில் 14.2 வோல்ட், பின்னால் இருந்த பேட்டரியின் டெர்மினலில் 13.1. நீளமான மெல்லிய கேபிள் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. வண்டியோடு வந்த சார்ஜரும் எப்போதும் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும் பழைய வகை. திரவ ஆசிட் உள்ள இவ்வகை லெட்-ஆசிட் பேட்டரி நிறைய வேண்டுமென்றால் 14.4 முதல் 14.8 வோல்ட் வரை ஏறி, அங்கே பல மணி நேரம் நிற்க வேண்டும். எண்பது சதவீதம் வரை வேகமாக ஏறும் பேட்டரி, கடைசி இருபதை மெல்ல மெல்லத்தான் வாங்கிக்கொள்ளும். சார்ஜர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த நேரத்தைச் சுருக்க முடியாது. அந்த இருபது நிறையாமல் வாரக்கணக்கில் விட்டால் பிளேட்டில் படிந்த லெட் சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும், பிறகு அது கரைவதில்லை. என் முதல் செட்டை நான் அதிகமாகப் பயன்படுத்திக் கெடுக்கவில்லை, ஒருமுறைகூட முழுதாக நிரப்பாமல் கெடுத்திருக்கிறேன். கூரையில் சோலார் பேனல் போட்ட பிறகுதான் இது தீர்ந்தது. பகல் முழுக்கச் சிறிது சிறிதாக ஏற்றும் சோலார், அந்தக் கடைசி இருபதுக்கென்றே அமைந்ததுபோல் வேலை செய்கிறது.

மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்ப்பதும், ஆறு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விடுவதும் வழக்கமாயின. ஐந்தாம் ஆண்டில் ஒரு காலை, பேனல் வெளிச்சம் பிடிப்பதற்கு முன், மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. பார்க்க நிறைந்த பேட்டரிதான். மூடிகளைத் திறந்து ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தபோது ஐந்து செல்களில் மிதவை 1.265-இல் நின்றது, நான்காவது செல்லில் மட்டும் கீழே இறங்கி 1.215-இல் நின்றது. வோல்ட் மீட்டர் ஆறு செல்லின் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும், அதில் ஒருவரின் பலவீனம் தெரியாது. வெளியில் நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து வைத்து, 15.5 வோல்ட்டில் சில மணி நேரம் செல்களைச் சமன்படுத்தும் சார்ஜ் கொடுத்தேன். ஆசிட் கொதிப்பதுபோல் குமிழ் விட்டது. அந்த செல் 1.240 வரை ஏறி, இரண்டு மாதத்தில் மறுபடி இறங்கியது. ஏற்றும்போது வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதால், இவ்வகைப் பேட்டரியை வெளிக்காற்றுக்கு வழியுள்ள தனிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏஜிஎம் வகையை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்சி வைத்து மூடிய லெட்-ஆசிட்) நான் பயன்படுத்தியதில்லை. எங்களோடு பயணிக்கும் இரண்டு வண்டிகளில் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாய்ந்தாலும் சிந்தாது. ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, முழுதாக நிரப்ப வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அப்படியே இருக்கின்றன. அதிகச் சார்ஜில் இழந்த நீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை.

மூன்றாவதாக 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினேன். 56 கிலோவை இறக்கி 23 கிலோவை ஏற்றினோம். கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம் என்பதைவிட எனக்குப் பெரிய நிம்மதி, பாதியில் நிறுத்தினாலும் இது கெடுவதில்லை என்பதுதான். மூன்று நாள் மேகமூட்டத்தில் அறுபது சதவீதத்திலேயே கிடந்தாலும் கவலையில்லை.

ஆனால் மாற்றும்போது பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. வோல்டேஜ் கடைசி வரை 13-ஐ ஒட்டியே நிற்பதால் மல்டிமீட்டரால் மீதத்தை அளக்க முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மானிட்டர் அவசியம். இது கிடைக்கும் கரண்டையெல்லாம் இழுக்கும். நேரடியாக இணைத்தால் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்நேட்டர் சூடாகிக் கெட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால் நடுவில், கரண்டை ஓர் அளவுக்குள் கட்டுப்படுத்தி ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டேன். அது பழைய கேபிள் பிரச்சினையையும் சேர்த்துத் தீர்த்தது. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். அந்தக் குளிரில் சார்ஜை வெட்டும் வசதி பிஎம்எஸ்ஸில் (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுச் சுற்று) இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நான் கவனிக்கத் தவறியது பிஎம்எஸ்ஸின் கரண்ட் வரம்பு. என்னுடையது 100 ஆம்பியர். 1000 வாட் மைக்ரோவேவ் உள்ளே இழுப்பது 1500 வாட்டுக்குக் குறையாது. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் அது 130 ஆம்பியரைத் தாண்டும். முதல் இரவு பொத்தானை அழுத்திய நொடியில் வண்டி முழுவதும் இருண்டது. கொள்ளளவு தாராளமாக இருந்தும் கொடுக்கும் வேகம் போதவில்லை. பிறகு அதே மாடலில், அதே மாதத்தில் தயாரான இன்னொன்றைப் பேரலலாக இணைத்து, பாசிட்டிவ் டெர்மினலுக்கு அருகிலேயே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போட்டேன். ஷார்ட் ஆனால் இவ்வகைப் பேட்டரி தள்ளும் கரண்டைச் சாதாரண ஃபியூஸால் துண்டிக்க முடியாமல் போகலாம்.

இருந்தும், ஆண்டில் சில இரவுகள் மட்டும், அதுவும் மின் இணைப்புள்ள இடங்களில் தங்குபவர்களுக்கு நான் இன்றும் 6 வோல்ட் ஜோடியைத்தான் சொல்வேன். இரவெல்லாம் நல்ல சார்ஜரில் கிடக்கும் அந்தப் பேட்டரி நெடுநாள் வாழும். இணைப்பில்லாத இடத்தில் நாட்கணக்கில் தங்குபவர்களுக்கு லித்தியம்தான்.

போன மாதம், முதலில் வாங்கிய லித்தியம் பேட்டரியைத் தனியே பிரித்து, முழுதாக நிரப்பி, 20 ஆம்பியர் சீரான சுமையில் பிஎம்எஸ் தானாக வெட்டும் வரை இறக்கினேன். ஷன்ட் மானிட்டர் 194 ஆம்பியர்-அவர் காட்டியது.