ஜமைக்கா பற்றிஸின் மேலோடு: மாட்டுக் கொழுப்பா, வெண்ணெயா, தாவரக் கொழுப்பா?

ரொறன்ரோவின் வோர்டன் சுரங்க ரயில் நிலையத்தில், பள்ளி விட்டுப் பேருந்து மாறும் இடைவெளியில், காகித உறைக்குள் சுடச்சுட வாங்கித் தின்ற, உறைப்பான இறைச்சியை மாவினால் மூடிச் சுடும் ஜமைக்கா பற்றிஸின் சுவையை வீட்டுப் போறணையில் திரும்பக் கொண்டுவர நான் பல மாதங்கள் முயன்றிருக்கிறேன். பெயராலும் அரைவட்ட வடிவத்தாலும் அது நம் வீடுகளில் பொரிக்கும் பற்றிஸுக்கு உறவுதான். ஆனால் நம்முடையது எண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பது. அதுவோ போறணையில் வெந்து, கடித்தவுடன் மஞ்சள் செதில்களாக உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டிக்கொள்வது. அந்த உதிர்வை எந்தக் கொழுப்பு தருகிறது என்பதே இந்த ஒப்பீட்டின் கேள்வி.

மேலோட்டை நான் முதன்மைப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. 1985 இல் கனடிய மத்திய அரசின் உணவுப் பரிசோதகர்கள், சட்டத்தின்படி ‘பற்றி’ (patty) என்ற ஆங்கிலப் பெயர் அரைத்த இறைச்சி வட்டுக்கே உரியது, மாவினால் மூடப்பட்ட பண்டத்துக்கு அதைச் சூட்டக்கூடாது என்று ரொறன்ரோக் கடைக்காரர்களிடம் கூறினார்கள். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் வாதாடியதால், ‘ஜமைக்கா’ என்ற அடைமொழியுடன் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று அவ்வாண்டு பெப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. அந்தத் தகராறே மேலோட்டைப் பற்றியதுதான்.

மூன்று கொழுப்புகளையும் ஒரே அளவில் சோதித்தேன்: 500 கிராம் கோதுமை மா, 250 கிராம் கொழுப்பு, இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, மா திரளும் அளவுக்குப் பனிக்குளிர்ந்த நீர். 200 பாகை செல்சியஸில் ஏறக்குறைய அரைமணி நேரம் வேகவிட்டேன்.

பழைய முறையில் பயன்படுவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கி, மெல்லிய சவ்வை நீக்கி, உறையவைத்துத் துருவ வேண்டும். பொதியில் விற்கும் துருவலில் ஒட்டாதிருக்க மா கலந்திருப்பார்கள் என்பதால் அதைச் சிறிது கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் உருகும் வெப்பத்தைவிட இது உருகுவதற்கு மேலும் 10 பாகையாவது தேவைப்படுகிறது. ஆகவே கைச்சூட்டிலும் குழையாமல், மாவுக்குள் சிறு மணிகளாகவே தங்கியிருந்து, சுற்றியுள்ள மா இறுகத் தொடங்கும் வேளையில்தான் உருகி, தான் இருந்த இடத்தில் வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. நிலையத்தில் தின்ற பற்றிஸின் உலர்ந்த, சற்றே முரடான, அடுக்கடுக்கான உதிர்வு எனக்கு இதில் மட்டுமே கிடைத்தது. குறையும் இதே பண்பில்தான் இருக்கிறது: ஆறியவுடன் கொழுப்பு மீண்டும் உறைந்து, மேல்வாயில் மெழுகு போல ஒட்டுகிறது. கடைகளில் பற்றிஸை ஏன் எப்போதும் சூடான கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வெண்ணெயில் செய்தது, மூன்றிலும் மணத்தால் மிகச் சிறந்தது. ஆறிய பின்னும் உண்ணத் தக்கது. விருந்தினர் அதையே பாராட்டினார்கள். ஆனால் அது என் பற்றிஸ் அல்ல. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருப்பதால் அது ஆவியாகி மாவைப் பொங்க வைக்கிறது. பிரெஞ்சுப் பணியாரங்களின் மென்மை வந்துவிடுகிறது. பாலின் இனிப்பு, உறைப்பான இறைச்சியோடு போட்டி போடுகிறது. கோடையில் மாவை உருட்டும்போதே அது கசியத் தொடங்குவதும் பெருந்தொல்லை.

தாவரக் கொழுப்பு கையாள எளிது, மாட்டிறைச்சி உண்ணாதோருக்குக் கோழி அல்லது மரக்கறி உள்ளீட்டோடு பொருந்துவது. உதிர்வும் நன்றாகவே அமையும். சுவை மட்டும் இல்லை.

நிறத்தைப் பொறுத்தவரை மஞ்சளே போதும். கூலி ஒப்பந்தத்தில் 1845 முதல் ஜமைக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இந்தியத் தொழிலாளர்களோடு கறி மசாலாவும் அத்தீவின் சமையலுக்குள் சென்றது. அங்குள்ள கறித்தூள் மஞ்சள் மிகுந்து, மிளகாய் குறைந்தது. ஒருமுறை அவசரத்தில் நம் யாழ்ப்பாணத்து வறுத்த தூளைச் சேர்த்துப் பார்த்தேன்; மேலோடு மண்ணிறமாகி, வறுத்த மல்லியின் வாசம், உள்ளீட்டில் சேர்க்கும் தைம் என்ற மூலிகை இலையின் வாசத்தை முற்றாக விழுங்கிவிட்டது.

உள்ளீட்டில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். அரைத்த இறைச்சியை உதிரியாக வறட்டி எடுத்தால் அது ரொட்டிக்குள் வைத்த பிரட்டல் ஆகிவிடும். வெங்காயத்தாள், தைம், ஜமைக்கா மிளகு எனப்படும் பிமெண்டோ, ஸ்கொட்ச் பொனெற் மிளகாய் ஆகியவற்றோடு இறைச்சியை வதக்கி, அரைக் கிலோவுக்கு ஒன்றரைக் கோப்பை நீர் ஊற்றி வேகவைத்து, அரைக் கோப்பை பாண்தூள் சேர்த்துக் களி போலக் குழைய விட வேண்டும். முற்றாக ஆறிய பிறகே அதை மாவில் வைக்க வேண்டும். இளஞ்சூட்டோடு வைத்தால், எந்தக் கொழுப்பானாலும் போறணைக்குப் போகும் முன்பே உருகி, அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்கொட்ச் பொனெற் கிடைக்காவிட்டால் ஹபனேரோ ஈடாகும். பச்சை மிளகாயில் அந்தப் பழவாசம் இல்லை.

இப்போது நான் மூன்றில் இரண்டு பங்கு மாட்டுக் கொழுப்பும் ஒரு பங்கு வெண்ணெயும் சேர்க்கிறேன். மெழுகுத்தன்மை குறைந்து, உதிர்வு கெடாமல் நிற்கிறது. ஆயினும் யாரேனும் என்னிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் மாட்டுக் கொழுப்பையே எடுத்து, போறணையிலிருந்து இறக்கிய பத்து நிமிடத்துக்குள், ‘கோகோ பாண்’ எனப்படும் மென்மையான ஜமைக்கா பாணைப் பிளந்து அதற்குள் வைத்துத் தின்பேன்.