எண்ணெய் தேய்த்துவிட யார்: குளிப்பாட்டும் ஆயாவா, மசாஜ் நிலையமா, வீட்டாரா?

மகள் பிறந்து வீட்டுக்கு வந்ததும் எங்களுக்கு வந்த முதல் கேள்வி, குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்பதுதான். மனைவிக்குச் சிசேரியன், குனிய முடியாது. அம்மாவுக்கு மூட்டு வலி, மணையில் உட்கார்ந்து காலை நீட்ட முடியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு ஆயாவை ஏற்பாடு செய்தோம். சில வாரங்களுக்குப் பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அப்படியே அம்மாவின் முழங்காலும் மனைவியின் இடுப்பும் என் பொறுப்புக்கு வந்தன. இடையில் மசாஜ் நிலையங்களுக்கும் போய்ப் பார்த்தோம். மூன்றையும் பார்த்தபின் நான் வீட்டார் கையின் பக்கம்தான் நிற்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லும் முன் ஆயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் பூசிய பச்சைக் குழந்தை கையில் வழுக்கும். நீட்டிய காலில் அதைப் போட்டு, கழுத்தைத் தாங்கி, ஒரு கையால் நீவி மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவது பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் லாவகம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்தான் என் பயம் தெளிந்தது. பிரசவித்த உடம்புக்கும் அந்த நாட்களில் ஓய்வு கிடைக்கிறது. முதல் நாற்பது நாளுக்கு ஆயா வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், தேய்த்துவிடுவதோடு சேர்ந்தே வேறு பல வேலைகளும் வரும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சளி எடுக்கத் தொண்டைக்குள் விரல் விடுவது, மூக்கில் ஊதுவது, குழந்தையின் மார்க்காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, தலை உருண்டையாக வர அழுத்துவது, உரம் விழுந்திருக்கிறது, அதாவது சுளுக்கியிருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுவது. பல வீடுகளில் இன்றும் இவை நடக்கின்றன. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே உள்ளே போய்விடக்கூடியது என்பதால், உடனே யாருக்கும் தெரியாது. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால் வருவது. ஆண் குழந்தைக்கும் வரும், சில வாரங்களில் தானாக வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் கட்டலாம். தலையின் வடிவமும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். எங்கள் ஆயாவிடம் இவை வேண்டாம் என்றபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் மூத்தவர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

மசாஜ் நிலையங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் ஊரில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆயுர்வேத நிலையம் என்றால், உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துவிடும் அபியங்கத்துக்கு இன்னும் கூடுதல். நல்ல கை அமைந்தால் அன்றைக்கு உடம்பு லேசாகிவிடும், தூக்கமும் நன்றாக வரும். தோள் இறுகிப்போனது, பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சி போன்றவற்றுக்குப் போக வேண்டிய இடம் பிசியோதெரபிஸ்ட். அதை மசாஜோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கென்றே பெருநகரங்களில் வந்திருக்கும் ஸ்பாக்களுக்கு நாங்கள் போனதில்லை, அதனால் அவற்றை ஒப்பிட என்னால் முடியாது.

சரி, என்னை ஒரு பக்கம் சாய்த்தது எது? தொடர்ச்சி. மசாஜின் பலனைப் பற்றி நான் இங்கே சொல்லும் ஆய்வுகள் ஒரு தடவை செய்துவிட்டு அளந்து பார்த்தவை அல்ல. 1986-இல் அமெரிக்காவில் உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவரோடு பணியாற்றியவர்களும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, 10 நாள் மசாஜும் கைகால் அசைவுப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அன்றாடம் ஏறிய எடை மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெரியவர்களுக்கு 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தசை மூட்டு பார்த்துச் செய்யும் தேர்ந்த மசாஜும், இன்னொரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜும் வாரம் ஒரு முறை 10 வாரம் கொடுத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்தது. தேர்ந்த மசாஜ் சாதாரண மசாஜை மிஞ்சவில்லை. ஆறு மாதம் வரை நின்ற பலன் ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிட்டது.

இதை வைத்துக் கணக்குப் போட்டால், வாரம் ஒரு தடவை நிலையத்துக்குப் போக எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆயா மூன்று மாதத்தில் நின்றுவிடுவார், அவரை நம்பி அடுத்த வீட்டுக் குழந்தை காத்திருக்கும். அப்புறம் ஒரு வயதுக் குழந்தைக்கு யார் தேய்ப்பது? ஏழு வயதுப் பிள்ளை விளையாடிவிட்டுக் கெண்டைக்கால் வலிக்கிறது என்று ராத்திரி அழும்போது யாரைக் கூப்பிடுவது? வீட்டில் இருக்கிற கைதான் வருடம் முழுவதும் இருக்கும். சுமாரான கை தினமும் கிடைப்பது, அருமையான கை எப்போதாவது கிடைப்பதைவிட மேல் என்பது என் முடிவு.

வீட்டார் கைக்கு இன்னொரு வசதியும் உண்டு, நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆயாவுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தை அழுதாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் செய்யும்போது மகள் முகத்தைத் திருப்பினாலோ முதுகை வளைத்துக்கொண்டாலோ அன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடுவேன். பால் குடித்தவுடன் செய்யாமல் அரை மணி நேரமாவது கழித்துத் தொடங்குவேன். காலில் ஆரம்பித்தால் குழந்தை எளிதில் ஒத்துக்கொள்கிறது. வயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் நீவ வேண்டும், பெருங்குடல் போகும் வழி அதுதான். பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி வயிற்றோடு மெல்லச் சேர்த்தால் வாயு பிரியும். அழுத்தம் மிதமாக இருக்கட்டும். ரொம்ப லேசாகத் தடவினால் கூச்சம்தான் வருகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தாய்ப்பால் கொடுக்க முடியாத அப்பாக்களுக்குக் குழந்தையோடு இப்படி நேரம் கிடைப்பதைப் பெரிய பேறாகவே நினைக்கிறேன்.

எந்த எண்ணெய் என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் செக்குத் தேங்காய் எண்ணெய். 2005-இல் வந்த ஓர் இந்திய ஆய்வில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகளுக்கு எடை வேகமாக ஏறியது. ஆலிவ் எண்ணெய் உயர்ந்தது என்று நினைத்து வாங்காதீர்கள். 2013-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் அது தோலின் காப்பு அடுக்கைக் கெடுத்தது தெரிந்தது, சூரியகாந்தி எண்ணெய் கெடுக்கவில்லை. எதுவானாலும் முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

பலன்களை ஏற்றிச் சொல்லவும் எனக்கு மனமில்லை. நலமாகப் பிறந்த, நிறைமாதக் குழந்தைகளுக்கு மசாஜால் பெரிய வளர்ச்சி வரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றுதான் 2013-இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரையும், பலன் இருக்கக்கூடும், மெதுவாகச் செய்யலாம் என்ற அளவில் நிற்கிறது. எங்கள் மகள் நன்றாகத் தூங்கினாள், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே காலை உதைத்துச் சிரித்தாள். அவள் ஒருத்தியை வளர்த்த அனுபவம்தான் எனக்கு. குறைமாதக் குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்டபிறகே கை வையுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெய். தேய்மானம் அதனால் சரியாகாது. ஆனால் காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் குறைந்து, பிடிமானம் இல்லாமல் நடக்கிறார். முழங்கால் சில்லை அழுத்தாமல், மேல் தொடையையும் கெண்டைக்காலையும்தான் பிடித்துவிடுகிறேன். மனைவிக்கு இடுப்பும் தோளும் மட்டும். சிசேரியன் புண் ஆறும்வரை வயிற்றுப் பக்கம் போகவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் தேய்த்துவிடவே கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கைகளில் வலு இல்லாதவர்கள், இரட்டைக் குழந்தை பெற்றவர்கள், உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் தயங்காமல் ஆயாவை வைத்துக்கொள்ளுங்கள். கூலி பேசும் அன்றைக்கே, மூக்கிலும் காதிலும் எண்ணெய் வேண்டாம், மார்க்காம்பைத் தொட வேண்டாம், தொண்டையில் விரல் வேண்டாம், உரம் எடுக்க வேண்டாம் என்ற நான்கையும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வீட்டார் ஒருவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆயா வேலையை நிறுத்தும்போது தொடர அந்த ஒருவருக்குக் கை பழகியிருக்கும்.