முதியோர் இல்லமா, லயமா: தொண்டர் எங்கே தேவை?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் முதியோருக்குத் தொண்டாற்ற முன்வருபவருக்கு இரு வழிகள் உள்ளன: முதியோர் இல்லம், அல்லது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயம். முதியோர் இல்லத்தில் நேரமும் பொறுப்பும் வரையறுக்கப்பட்டிருக்கும். அனுபவமுள்ள பணியாளர்கள் அருகில் இருப்பதால் புதியவருக்கு அது ஏற்றது. லயத்திலோ, காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒருவர், பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, ஊழியர் சேமலாப நிதி எனும் வேலைக்காலச் சேமிப்புக்கான படிவத்தையோ சிங்களத்தில் வந்த கடிதத்தையோ வாசித்துச் சொல்ல ஆளின்றி இருக்கக்கூடும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த முதியோருக்கான தேசிய செயலகம் 60 வயதைக் கடந்தவர்களுக்கு வழங்கும் அடையாள அட்டையைப் பெற, பிரதேச செயலகம் வரை துணையாகச் செல்வதே அவருக்குப் பெரும் உதவி. மழையிலும் பனியிலும் செங்குத்தான படிகளில் ஏற வேண்டும்; சிலமுறை சென்றபின் நின்றுவிடவும் கூடாது, ஏனெனில் அவர் காத்திருப்பார். கிழமைக்கு ஒரு நாளைத் தவறாமல் ஒதுக்க முடிந்தவர் லயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.