பிரஷ் ரோலர் அடிக்கடி நிற்கும் வாக்குவம் கிளீனர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கம்பியில்லாத வாக்குவம் கிளீனர் ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உறிஞ்சும் வேகம், சத்தம் பற்றியெல்லாம் வாங்கிய புதிதிலேயே எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. பேட்டரி முன்புபோல் நேரம் தாங்குவதில்லை. லித்தியம் அயான் பேட்டரி எதுவானாலும் வயதானால் அப்படித்தான். என்னை அடிக்கடி தரையில் உட்காரவைத்தது முன்னால் சுற்றும் பிரஷ் ரோலர். மெஷின் உறுமும், காற்றை இழுக்கும், ரோலர் மட்டும் அசையாது. சில சமயம் கொஞ்சம் சுற்றிவிட்டு நிற்கும், சிவப்பு விளக்கு எரியும்.

உடனே மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வகை மெஷினில் உறிஞ்ச ஒரு மோட்டார், ரோலரைச் சுற்ற முன்பகுதிக்குள்ளேயே இன்னொரு சின்ன மோட்டார். முடி சுற்றிக்கொண்டு ரோலருக்குத் தடை வந்தால் சின்ன மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். அதைக் கவனிக்கும் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். மோட்டார் கருகிவிடாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. தடையை எடுக்காமல் ஸ்விட்சை மறுபடி மறுபடி அழுத்தினால்தான் நிஜமாகவே சேதம் வரும்.

முடியையெல்லாம் எடுத்துவிட்டேன், இன்னும் சுற்றவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் தெரிகிற முடியைத்தான் எடுத்திருப்பார்கள். ரோலரை இறுக்கிப் பிடிப்பது ஓரம். நீளமான முடி சுற்றச் சுற்ற மெல்ல முனைப்பக்கம் நகரும். அங்கே முனை மூடிக்கும் தண்டுக்கும் இடையில் புகுந்து, தண்டைத் தாங்கித் தாராளமாகச் சுற்றவிடும் பேரிங்கை ஒட்டி ராட்டையில் நூல் சுற்றியது மாதிரி கெட்டியாகிவிடும். வெளியே பார்த்தால் ரோலர் சுத்தமாக இருக்கும், உள்ளே இழுபறி. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரோலரைக் கழற்றி இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். தாராளமாகச் சுற்றி மெதுவாக நின்றால் சரி. தட்டியவுடன் நின்றாலோ கரகரவென்றாலோ முனையைப் பார்க்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், பிளக் வைத்த மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. கைதவறி ஸ்விட்சில் விரல் பட்டால் ரோலர் சும்மா இருக்காது. முடியைப் பிடித்து இழுத்தால் பிரஷ் கொத்துக்கொத்தாகப் பிய்ந்து வரும். அதனால் நறுக்கித்தான் எடுக்க வேண்டும். பல ரோலர்களில் கத்தரிக்கோல் நுனி ஓடுவதற்கென்றே நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். எனக்குக் கத்தரிக்கோலைவிட வசதியாகப் படுவது தையல் பிரிக்கிற சின்னக் கருவிதான். முனை மூடி சில மாடல்களில் இழுத்தால் வந்துவிடும், சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் ஒட்டியே விட்டிருப்பார்கள். ஒட்டியதை நெம்பினால் உடையும். ட்வீசரை இடுக்கில் விட்டு இழையிழையாக எடுப்பதுதான் வழி. பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் பெரும்பாலும் பலன் கிடைக்கிறது. எண்ணெய் விடலாம் என்று தோன்றும், விடாதீர்கள். தூசியோடு எண்ணெய் சேர்ந்தால் பசைதான் மிச்சம்.

ரோலர் தாராளமாகச் சுற்றியும் மெஷினில் மாட்டினால் ஓடவில்லை என்றால் குழாயைச் சந்தேகப்படலாம். முன்பகுதிக்கு மின்சாரம் நீளக் குழாய் வழியாகத்தான் போகிறது. குழாயை விட்டுவிட்டு முன்பகுதியை நேராக மெஷினில் மாட்டிப் பாருங்கள். அப்போது சுற்றினால் குழாய் முனையிலுள்ள இணைப்பு ஊசிகளில் அழுக்கோ வளைவோ இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். என் மெஷினில் ஒருமுறை இதுவேதான் காரணம்.

அடர்த்தியான கம்பளத்தில் மட்டும் நிற்கிறதா? அப்போது முடியைத் தேட வேண்டியதில்லை. அதிக உறிஞ்சலில் முன்பகுதி கம்பளத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ரோலர் திணறுகிறது. வேகத்தைக் குறைத்தாலோ, முன்பகுதியில் காற்று விடும் தடுப்பு இருந்தால் அதைத் திறந்தாலோ ஓடும். கம்பளக் குஞ்சத்தை ரோலருக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் பெல்ட் வைத்த பழைய மெஷின் ஒன்றும் இருக்கிறது. அதில் கதை வேறு. ரோலர் சிக்கினாலும் மோட்டார் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், நின்றுபோன பெல்ட் அதில் உரசிச் சூடாகும். ரப்பர் கருகுகிற வாடை வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். தட்டைப் பெல்ட் நாளாவட்டத்தில் நீண்டு வழுக்கும். பல் வைத்த பெல்ட் நீளாது, பல் உதிரும் அல்லது அறுந்துவிடும். கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகிற ரோலர் மெஷினை ஓட்டும்போது மட்டும் சுற்றாவிட்டால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான். முடியை எடுக்காமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

முடி சிக்காது என்று விளம்பரம் செய்யும் ரப்பர் பட்டை ரோலரையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நடுப்பகுதி உண்மையிலேயே சுத்தமாக இருக்கிறது. ஓரத்தில் சேர்வது குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. கூடவே வந்த மெத்து ரோலரைக் கழுவலாம், ஆனால் 24 மணி நேரமாவது முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் எடுக்கும்.

அடுத்து மெஷின் வாங்கினால் உறிஞ்சும் திறன் எண்ணை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். ரோலரை ஒரு நாணயத்தாலோ வெறும் கையாலோ கழற்ற முடிகிறதா, முனை மூடி திறக்கிறதா, ரோலரும் பெல்ட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்பதுதான் முதலில். இப்போதைய மெஷினில் முதலும் கடைசியும் சரியாக இருக்கின்றன, முனை மூடியை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதற்காகவே மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.