பழைய லென்ஸா, புதிய மலிவு லென்ஸா: ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவுக்கு எதை வாங்கலாம்?

செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 மார்க் 2 அல்லது மார்க் 3 (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார் உள்ள, எதிரொளிக்கும் கண்ணாடி இல்லாத கேமராக்கள்) வாங்குகிறவர்களில் பலரிடம், பாடிக்குப் பணம் கொடுத்த பிறகு லென்ஸுக்கென்று பெரிதாக மிச்சம் இருப்பதில்லை. அவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன: ஃபிலிம் காலத்து மேனுவல் லென்ஸை அடாப்டர் வைத்துப் பொருத்துவது ஒன்று, சம்யாங், வில்ட்ராக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸை வாங்குவது மற்றொன்று. இரண்டையும் ஏ7 வரிசைக் கேமராக்களில் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகராத அல்லது மெதுவாக நகரும் பொருள்களைப் படமெடுப்பவருக்கு, 50 மி.மீ. முதல் 135 மி.மீ. வரையிலான குவிய நீளங்களில் பழைய லென்ஸ் தருகிற அளவு மதிப்பை அதே விலையில் வேறெதுவும் தருவதில்லை. 35 மி.மீ.யும் அதற்குக் கீழும் அதே பழைய லென்ஸ்களில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகள், திருமண மேடை, விளையாட்டு என்று ஓடிக்கொண்டே இருப்பவற்றை எடுக்க வேண்டியவர் நேராகப் புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்குப் போய்விடுவது நல்லது.

பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டுவது சாத்தியமாவதற்குக் காரணம் மவுண்டுக்கும் (லென்ஸைப் பூட்டும் இடம்) சென்சாருக்கும் இடையிலான தூரம். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸின் காட்சியை வியூஃபைண்டருக்கு எதிரொளிக்கும் கண்ணாடி மேலெழும்பித் தாழ இடம் வேண்டும் என்பதால் அந்தக் காலத்து லென்ஸ்கள் ஃபிலிமிலிருந்து தள்ளி நின்றே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டன. எம்42 திருகு மவுண்டில் அந்தத் தூரம் 45.46 மி.மீ.; கேனன் எஃப்டி மவுண்டில் 42 மி.மீ.; மினோல்டாவில் 43.5 மி.மீ. சோனி இ மவுண்டில் அது 18 மி.மீ. மட்டுமே. ஆகவே எம்42 லென்ஸுக்கும் சோனி பாடிக்கும் நடுவில் இருக்கும் ஏறத்தாழ 27.5 மி.மீ. இடைவெளியை நிரப்ப, உள்ளே வில்லை எதுவும் இல்லாத ஓர் உலோக வளையமே போதும். சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவில் இதே லென்ஸைப் போட்டால் நடுப்பகுதி மட்டுமே பதிவாகி 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் காட்டும், ஃபுல் ஃபிரேமில் அது எந்தக் கோணத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கோணத்தையே காட்டும். பழைய லென்ஸ் பிரியர்கள் 2013இல் வந்த முதல் ஏ7 கேமராவை அவ்வளவு ஆவலோடு எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

வளையம்தானே என்று அடாப்டரில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. மிக மலிவான அடாப்டர்கள் பலவற்றில் நீளம் வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். தொலைதூரக் காட்சி கட்டாயம் ஃபோகஸ் ஆக வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் வைக்கும் இடம் அது. அதனால் லென்ஸ் மீதுள்ள தூர அளவுகள் பொய்யாகிவிடும். முடிவிலிக் குறி வரை திருப்பினால் ஃபோகஸ் அதையும் தாண்டிப் போயிருக்கும். இதைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஆட்டம். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸ் முழுவதும் சிறிது அசைந்தால், பெரிதாக்கிப் பார்த்து வைத்த ஃபோகஸ் கை எடுத்தவுடன் நழுவிவிடும். இன்னொரு குறை, பளபளக்கும் உட்சுவர். லென்ஸின் பட வட்டத்திலிருந்து வெளியே விழும் ஒளி அந்தச் சுவரில் பட்டுத் தெறித்துப் படத்தின் கான்ட்ராஸ்டைக் குறைத்துவிடும். பலர் லென்ஸையே குறை சொல்வார்கள். உட்புறம் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டிய பிறகு அதே லென்ஸ் காட்டும் கறுப்பின் அழுத்தத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

முதல் லென்ஸாக எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கேனன் நியூ எஃப்டி 50 மி.மீ. எஃப்/1.4. கேனன் 1971இல் எஃப்டி வரிசையைத் தொடங்கி, 1979இல் அதைப் புதுப்பித்து, 1987இல் இஎஃப் என்ற முற்றிலும் வேறான மவுண்டுக்கு மாறிவிட்டது. இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ., அதாவது எஃப்டியைவிட 2 மி.மீ. அதிகம் என்பதால், இடையில் திருத்தக் கண்ணாடி இல்லாமல் இந்த லென்ஸ்களைக் கேனனின் சொந்த டிஎஸ்எல்ஆர்களிலேயே முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததால் விலை தாழ்ந்திருந்தது. மிரர்லெஸ் வந்த பிறகு ஏறியிருந்தாலும் தரத்துக்கு அந்த விலை இன்றும் குறைவுதான். எடை 235 கிராம். முழுத் திறப்பான எஃப்/1.4இல் (இந்த எண் கூடக்கூட அபர்ச்சர் என்ற ஒளித்துளை சுருங்கும்) படத்தின் மீது மெல்லிய பனி படர்ந்ததுபோல ஒரு மென்மை இருக்கும். ஜன்னல் ஓரம் அமர்ந்திருக்கும் முகத்துக்கு அது அழகு, எழுத்துப் பலகைக்கு அல்ல. எஃப்/2இல் அந்த மென்மை பெருமளவு விலகுகிறது, எஃப்/2.8இல் நடுப்பகுதியின் கூர்மை 24 மெகாபிக்சல் சென்சாருக்குத் தாராளமாகப் போதும், எஃப்/5.6இல் மூலைகளும் சேர்ந்துகொள்கின்றன. நிறம் நடுநிலையானது. தோல் நிறத்தைத் திருத்த எனக்கு நேரம் செலவானதே இல்லை.

எஃப்டி அடாப்டரில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். லென்ஸின் பின்புறமுள்ள அபர்ச்சர் நெம்புகோலைப் பிடிக்க அடாப்டரில் ஒரு வளையம் இருக்கும். அதைப் பூட்டும் நிலைக்குத் திருப்பாவிட்டால் எஃப்/8 வைத்தாலும் இதழ்கள் திறந்தே இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் பழுதான லென்ஸ் என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

ஆசாஹி நிறுவனத்தின் சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4, 55 மி.மீ. எஃப்/1.8 ஆகிய இரண்டும் எம்42 திருகு மவுண்டுக்கானவை. அவற்றின் ஃபோகஸ் வளையம் திரும்பும் விதத்தை இன்றைய லென்ஸ் எதிலும் நான் உணர்ந்ததில்லை. எண்ணெய் காயாத பிரதி ஒன்று கிடைத்தால் விரல் ஒன்றாலேயே மயிரிழை அளவு நகர்த்தலாம். அபர்ச்சரை ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் நெம்புகோலும் இவற்றில் இருப்பதால் பின்புற ஊசியை அழுத்தும் அடாப்டர் தேவையில்லை. ஆனால் எஃப்/1.4 லென்ஸின் ஏழு வில்லைகள் கொண்ட வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடி பயன்பட்டது. அது மிகச் சிறிதளவு கதிரியக்கம் உடையது. காலப்போக்கில் தேநீர் நிறத்துக்குப் பழுப்பேறிவிடும். புற ஊதா விளக்கின் கீழோ வெயிலிலோ சில நாள்கள் வைத்தால் பழுப்பு பெருமளவு தெளிந்துவிடும். வெயிலில் வைப்பவர் லென்ஸ் எதையும் எரித்துவிடாதபடி பின்புறத்தை அலுமினியத் தாளால் மூடிவைக்க வேண்டும். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்பதே பொதுவான கருத்து. கண்ணாடியைக் கழற்றித் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது.

ஹீலியோஸ் 44-2 பற்றிக் கேட்காதவர்களே இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் உருவான ஸைஸ் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 வடிவத்தைப் பின்பற்றிச் சோவியத் ஆலைகளில் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட லென்ஸ் இது. பின்னணி சுழல்வதுபோலத் தோன்றும் அதன் புகழ்பெற்ற விளைவுக்குக் காரணம் ஒரு குறைபாடுதான்: ஓரங்களுக்குச் செல்லும் ஒளியை லென்ஸின் விளிம்புகள் வெட்டிவிடுவதால், மங்கலான ஒளிப்புள்ளிகள் வட்டத்திலிருந்து கண் வடிவத்துக்கு மாறி மையத்தைச் சுற்றி வரிசை கட்டுகின்றன, ஓரங்களில் உள்ள ஆஸ்டிக்மாட்டிஸமும் (ஒரு புள்ளியின் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை) அதற்குத் துணை செய்கிறது. ஆள் அருகில் நின்று, பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகளுக்கிடையே வெளிச்சம் ஊடுருவும்போது மட்டுமே இது தெளிவாகத் தெரியும். சுவர் முன்னால் நிறுத்தி எடுத்தால் சாதாரண லென்ஸ். எதிர்வெயிலில் கான்ட்ராஸ்ட் சட்டென்று சரிகிறது. அபர்ச்சர் வளையம் சொடுக்கில்லாமல் வழுக்கிச் செல்வதால் வீடியோ எடுப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பயனுள்ளது. ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்க வேண்டாம், இரண்டாவதாக வாங்கலாம்.

விலைக்கு மேல் தரும் பிரிவு 135 மி.மீ. அக்காலத்தில் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் எஃப்/3.5 அல்லது எஃப்/2.8 அளவில் ஒன்று செய்தன; சூப்பர் டாகுமார் 135 மி.மீ. எஃப்/3.5இல் நான்கே வில்லைகள். எளிய வடிவம் என்பதால் கெடுவதற்கும் அதிகம் இல்லை. வானத்துக்கு எதிரான கிளைகளின் விளிம்பில் ஊதா நிறம் கசிவதைத் தவிர வேறு குறை சொல்லத் தோன்றவில்லை. ஸூம் வேண்டுமென்றால் மினோல்டா எம்டி 35-70 மி.மீ. எஃப்/3.5 ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம்.

அகலக் கோணத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. எதிரொளிக்கும் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராக்களுக்காகச் செய்யப்பட்ட அகலக் கோண லென்ஸ்களின் பின்வில்லை ஃபிலிமுக்கு மிக அருகில் இருக்கும். ஒளிக்கதிர்கள் ஓரங்களில் மிகச் சாய்வாக விழும். ஃபிலிமுக்கு அது தொல்லை தரவில்லை. சென்சாரின் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு உண்டு, சாய்ந்த கதிர்கள் அதை ஊடுருவும்போது இடம் பெயர்ந்துவிடுகின்றன. விளைவாக ஜூபிடர்-12 35 மி.மீ. போன்ற நல்ல லென்ஸ்கூட ஏ7 கேமராவில் ஓரங்களை இழுத்துப் பூசியதுபோலக் காட்டும். நிறமும் ஓரங்களில் திரியும். நிக்கான் இசட் கேமராக்களில் அந்தத் தகடு மெல்லியது என்பதால் பாதிப்பு குறைவு. எஸ்எல்ஆருக்கான 28 மி.மீ. லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆனால் அவற்றில் மலிவாகக் கிடைப்பவை எஃப்/8 வரை மூடாமல் மூலைகளைத் தெளிவாக்குவதில்லை.

கேமராவில் செய்ய வேண்டிய அமைப்புகள் சில. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்ற அனுமதியை மெனுவில் தர வேண்டும். மார்க் 2 முதல் பாடிக்குள்ளேயே ஸ்டெடிஷாட் (கை நடுக்கத்தைத் திருத்தும் வசதி) இருப்பதால், குவிய நீளத்தைக் கையால் பதிந்துகொள்ள வேண்டும், 135 மி.மீ. மாட்டிவிட்டு 50 என்றே விட்டுவைத்தால் நடுக்கம் சரியாகத் திருத்தப்படாது. ஃபோகஸ் ஆன விளிம்புகளைக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வண்ணக்கோட்டை எஃப்/1.4இல் நம்ப முடியாது, அது பரந்த பகுதிக்கும் சேர்த்தே ஒளிர்கிறது. பெரிதாக்கிக் காட்டும் வசதியை விரலுக்கு எட்டும் பொத்தான் ஒன்றுக்கு மாற்றிவைத்து, படமெடுக்கப்போகும் அபர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்வதுதான் உறுதியான முறை. வியூஃபைண்டர் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் காட்டுவதால் எஃப்/4இல்கூட இது எளிது. ஃபிலிம் எஸ்எல்ஆரில் இப்படிச் செய்திருக்க முடியாது.

புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் சம்யாங் 45 மி.மீ. எஃப்/1.8 எனக்கு மிகவும் பிடித்தது. 162 கிராம் எடைதான். நாள் முழுதும் கழுத்தில் தொங்கினாலும் தெரியாது. முழுத் திறப்பிலேயே நடுப்பகுதி கூர்மையாக இருக்கிறது, கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸும் நன்றாக வேலை செய்கிறது. ஃபர்ம்வேரை (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கத் தனியாக லென்ஸ் ஸ்டேஷன் என்ற கருவி வாங்க வேண்டியிருப்பது ஒரு குறை. வில்ட்ராக்ஸ் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் யூஎஸ்பி துளை லென்ஸிலேயே இருக்கிறது. முகப்படங்களுக்கு அதன் பின்னணி மங்கல் இதமானது, ஆனால் எஃப்/1.8இல் வெள்ளி நகைகளின் ஓரத்தில் ஊதா நிறம் தெரிகிறது, உலோகக் கட்டுமானத்தின் கனமும் கையில் தெரிகிறது. திருமணப் படமெடுப்பவர் இதை எஃப்/2.2 அளவில் வைத்துத் தயங்காமல் வேலை செய்யலாம்.

பிற பாடி வைத்திருப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கேனனின் ஃபுல் ஃபிரேம் ஆர்எஃப் பாடிகளுக்குப் பிற நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது. வில்ட்ராக்ஸ் 2022இல் தன் ஆர்எஃப் லென்ஸ் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அங்கே மலிவான வழி, கேனனின் சொந்த அடாப்டருடன் பழைய இஎஃப் லென்ஸ்கள். ஆட்டோஃபோகஸ் முழுமையாக வேலை செய்கிறது. நிக்கான் இசட் வைத்திருப்பவர்கள், பழைய நிக்கான் லென்ஸ்களை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வாங்குமுன் தங்கள் லென்ஸ்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பலரிடம் இருக்கும் 50 மி.மீ. எஃப்/1.8டி போன்றவற்றுக்கு உள்ளே மோட்டார் இல்லை. அந்த அடாப்டரிலும் அதைச் சுழற்றும் மோட்டார் கிடையாது, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இசட் மவுண்டின் தூரம் 16 மி.மீ. என்பதால், சோனி இ லென்ஸ்களையே 2 மி.மீ. தடிமனுள்ள மின்னணு அடாப்டர் மூலம் ஆட்டோஃபோகஸுடன் மாட்டும் வசதியும் இருக்கிறது. மெகாடாப், டெக்ஆர்ட் ஆகியவை இவற்றைச் செய்கின்றன.

பழைய லென்ஸை நேரில் வாங்குகிறவர் அபர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து முன்புறம் வழியாகச் சாய்வாகப் பார்க்க வேண்டும். வேர் பரவியதுபோல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மூடுபனிபோலச் சீராகப் பரவியிருந்தால் எண்ணெய் ஆவி. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய வில்லைகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். சில தூசுத் துகள்களும் முன்கண்ணாடியில் ஓரிரு கீறல்களும் படத்தில் தெரியவே தெரியாது, அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமே பெரிய எதிரி. பூஞ்சை இருக்கும் லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தவிர்க்க வேண்டும்; வாங்கிவிட்ட நல்ல லென்ஸைத் தோல் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் சேர்த்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும்.