'படி' என்று தட்டிப் பார்த்தால்: தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு

ஓர் அகராதியின் தரம் தெரிய அரிய சொல்லைத் தேட வேண்டியதில்லை. 'படி' போதும். வாசலில் கிடப்பதும் படி, நெல் அளப்பதும் படி, சம்பளத்தோடு வருவதும் படி, கணக்குப் பாடத்தில் இருபடிச் சமன்பாட்டில் இருப்பதும் படிதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'படிந்தது', 'படித்தேன்' என்று அப்படியே தட்டினால் தலைச்சொல் கிடைக்காது. வேர்ச்சொல்லைத் தர வேண்டும். தந்தால் படி-தல், படி-த்தல் என வினை இரண்டாகப் பிரிந்து நிற்கும். பக்கத்தில் உள்ள 4, 11 என்ற எண்களைப் பொருள் வரிசை என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அவை வினைத்திரிபு வகுப்புகள், அதாவது வினை காலம் காட்டும்போது எப்படி உருமாறும் என்பதைச் சொல்லும் எண்கள்: 4 என்றால் தூசி படிந்தது, 11 என்றால் பாடம் படித்தது. பெயர்ச்சொல்லில் வாசற்படி, அளவு, நாட்செலவுக்குத் தருவது, நகல், விதம், பூமி என்று வரிசை நீள்கிறது.

இதன் உண்மையான பலம் சான்றுக் குறிப்பு. ஒரு பொருளுக்கு இலக்கிய மேற்கோள் இருந்தால் நம்பி எடுக்கலாம். 'பிங்.' (பிங்கல நிகண்டு), 'யாழ். அக.' (யாழ்ப்பாண அகராதி) மட்டும் இருந்தால் அது பட்டியலிலிருந்து பட்டியலுக்கு வந்த பொருள். மேடைக்கு அழகாக இருக்கும், ஆதாரமாக நிற்காது.

அளவு விஷயத்தில் எந்த அகராதியையும் நம்பிக் கணக்குப் போடக்கூடாது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 4 உழக்கு ஒரு படி என்ற வாய்ப்பாடு சரி. ஆனால் பட்டணம்படி, சின்னப்படி என்று பெயர் வைத்தே பிரித்த ஊர்கள் இருந்தன. கூம்பலாக அளந்தார்களா, தலை வழித்தார்களா என்பதிலும் கணக்கு மாறும். பழைய ஆவணத்து நெல்லை லிட்டராக்குபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த நூல் இது. பிறகு ஓர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்தது. அதற்குப் பின் வளர்ந்த அலுவலகத் தமிழையும் அறிவியல் பாடத் தமிழையும் இதில் தேடிப் பயனில்லை. அகவிலைப்படி போன்றவற்றுக்கு 2020இல் மூன்றாம் பதிப்பு கண்ட க்ரியா அகராதி நல்லது. எடுத்துக்காட்டு வாக்கியங்களும் அதில் உண்டு. வீழ்படிவுக்கு வேதியியல் பாடநூலே மேல்.

தேடல் முடிவோடு நின்றுவிடாமல், பதிவோடு வரும் பக்க எண்ணைச் சொடுக்குங்கள். அக்கம்பக்கத்துச் சொற்களும் வரும். படிக்காசு (நாட்செலவுக்குத் தரும் காசு), படித்தரம் (கோயில் முதலியவற்றின் அன்றாடச் செலவுக்கு ஒதுக்கியது), படியளத்தல், படியாள் (நெல்லைக் கூலியாகப் பெறும் பண்ணையாள்) என்று பார்த்துக்கொண்டே போனால், நெல் அளந்த மரப்படி எப்படிக் கூலியாகி, சம்பளப் பட்டியலில் 'பயணப்படி'யாக உட்கார்ந்தது என்பது பிடிபடும்.